எஸ்கிலின் சோம்பேறி ஓட்டை

எங்கள் ஊரில் முகமூடி போட்ட கார் எதிரே வந்தால், பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வதுதான் மரியாதை. பெட்ரோல் போடுகிற இடத்தில் பக்கத்திலேயே வந்து நின்றாலும் உங்கள் டயரைப் பாருங்கள், வானத்தைப் பாருங்கள், அதை மட்டும் பார்க்காதீர்கள். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். கல்திரெஸ்க் ஏரி இறுகி உறைந்ததும் வெளிநாட்டுக் கம்பெனிகள் இன்னும் விற்பனைக்கு வராத வண்டிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். குளிரில் கிளம்புகிறதா, பனிக்கட்டியில் பிரேக் பிடிக்கிறதா என்று குளிர்காலம் முழுக்க ஓட்டிப் பார்ப்பார்கள். வசந்தத்தில் ஏரி இளகுமுன் போய்விடுவார்கள். அந்தச் சில மாதச் சம்பாத்தியத்தில்தான் ஊர் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறது. அதனால் கண்ணை மூடிக்கொள் என்றால் நாங்கள் மூடிக்கொள்வோம்.

நான் சிக்னே. அந்த முகமூடிகளை வெட்டி ஒட்டுகிறவள். எந்தக் கம்பெனிக்கு என்று சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேனென்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பெயரை வாயில் வைக்க இப்போது இஷ்டமும் இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே நீளக் குழல் கேமராவோடு படுத்துக் கிடக்கிற புகைப்படக்காரர்கள் உண்டு. புது வண்டியின் மூக்கு ஒரு படத்தில் கிடைத்துவிட்டால் பத்திரிகைகளுக்கு விற்றுவிடுவார்கள். எனவே வண்டியின் மூக்கு, கன்னம், முதுகு எல்லாவற்றிலும் கறுப்பு நுரைப்பஞ்சை வெட்டி வைத்து, மேலே கறுப்பும் வெள்ளையும் சுழிசுழியாக அச்சடித்த தாளை ஒட்டுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதே வேலைதான். என்ன, இந்தப் பூசணிக்காய்க்கு நான்கு சக்கரம். கம்பெனி முதலாளியே எதிரே வந்தாலும் இது காரா, ஓடிப்போன மெத்தையா என்று குழம்ப வேண்டும். என் வேலை அவ்வளவு சுத்தம்.

என் தம்பி எஸ்கில் அதே கம்பெனியில் வண்டி ஓட்டிப் பார்க்கிறவன். ஊரிலேயே நல்ல ஓட்டுநர், ஊரிலேயே பெரிய சோம்பேறி. ஒருநாள் பட்டறையில் என் எதிரே வந்து நின்று விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான்.

"அக்கா, பனியில சிக்கினா கட்டி இழுக்கிற கொக்கி, இந்த மூக்குப் பஞ்சுக்குப் பின்னால இருக்கு. ஒவ்வொரு தடவையும் கையுறைய கழட்டித்தான் பஞ்சை எடுக்க வேண்டியிருக்கு. இந்தக் குளிர்ல விரல் என்கூட வீட்டுக்கு வருமா, வண்டியோட போயிருமான்னு தெரியல."

"அப்ப விரலக் கழட்டி வீட்ல வெச்சிட்டு வா."

"வெளையாடாத. இடது மூலையில ஒரு ஓட்டை போட்டுக் குடு. கையுறையோட ஒரு விரல் நுழையணும். ஒரே இழு, கையோட வந்துரணும்."

"சோம்பேறிக்கு ஓட்டை ஒண்ணுதான் குறைச்சல்," என்று திட்டிக்கொண்டே வெட்டிக் கொடுத்தேன். அவன் பேச்சுக் கொடுத்ததில் கத்தி நழுவி, ஓட்டையின் ஓரம் அரிவாள்போல வளைந்துவிட்டது. வேறு யாருக்காவது என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டியிருப்பேன். தம்பிதானே என்று விட்டுவிட்டேன். பட்டறையில் எல்லோரும் அதைச் 'சோம்பேறி ஓட்டை' என்றுதான் சொல்வார்கள். ரைனர்கூட அப்படித்தான் சொல்வான்.

ரைனர் கம்பெனியின் எஞ்சினியர். ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறவன், வாய் அதிர்ந்து பேசாதவன். எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்று வாயைத் திறந்து சொல்வதுகூட அநாவசியம். உதட்டைக் குவித்து மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுத்தால் ஆமாம் என்று அர்த்தம். குளிரில் வாயைத் திறப்பானேன்? ரைனர் வந்த முதல் வருஷம் எங்களுக்கெல்லாம் ஆஸ்துமா என்று நினைத்தானாம். பிறகு அவனே அப்படித்தான் பதில் சொல்லப் பழகிவிட்டான். நல்ல பையன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மார்ச் மாதம் பிறந்ததும் அது நடந்தது. லென்னார்ட் என்று ஒருவர், காட்டிலிருந்து மரம் ஏற்றிப் போகிற பெரிய லாரி ஓட்டுகிறவர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் லாரிக்குப் பின்னால் எஸ்கில் புது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். உலர்ந்த பனி கிடக்கிற நாளில் மர லாரி போனால் பின்னால் தூள் பறக்கும். நாங்கள் பனிப்புகை என்போம். அதற்குள் மாட்டினால் நம் வண்டியின் மூக்கே நமக்குத் தெரியாது. அன்றைக்கு மூக்குப் பஞ்சை அவன் சரியாக அழுத்தி மாட்டாததால் அது வழியில் விழுந்துவிட்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் இருமியது. அப்புறம் நின்றே போனது. ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. எப்படியோ உருட்டிக் காட்டுப்பாதை வாயில் ஒதுக்கி முன்மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சின் மூச்சு விடுகிற குழாய் முழுக்கப் பனித்தூள் அடைத்து இறுகிக் கிடந்திருக்கிறது.

வண்டியைக் கட்டி இழுத்து, சூடேற்றிய கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். ரைனர் வந்து திறந்து பார்த்தபோது உள்ளே தண்ணீர்தான் இருந்தது. வழியில் விழுந்த பஞ்சைத் தேடி எடுத்து மாட்டி, அதே ரோட்டில், அதே லாரிக்குப் பின்னால் நாள் கணக்கில் ஓட்டினார்கள். ஒரு தும்மல்கூட இல்லை.

சோதனைக்கெல்லாம் தலைவி கெஸ்லர் அம்மாள். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, கோபப்பட்டாலாவது தேவலாம். "திரும்ப நடக்கலன்னா அது கோளாறு இல்ல எஸ்கில். அது கதை," என்றார்.

"கதை இல்ல மேடம். நான் பாத்தேன்."

"நான் பாக்கலையே."

அன்று சாயங்காலம் ரைனர் பட்டறையில் என் மேஜைமேல் கிடந்த மூக்குப் பஞ்சை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சிக்னே, இது சல்லடை," என்றான்.

"என்ன உளர்றீங்க?"

"பனித்தூள இது பிடிச்சு வெச்சிருது. உள்ள விடறதில்ல. இத்தனை குளிர்காலமும் நாம ஓட்டிப் பாத்தது வண்டிய இல்ல. வண்டியும் உங்க பஞ்சும் சேர்ந்தத. விக்கிற வண்டியில பஞ்சு இருக்காது."

யாருக்கும் தெரியக் கூடாதென்று நாங்கள் மூடி வைத்தது எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது. என் வேலை சுத்தம் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தச் சுத்தத்தில் தீயை வைக்க.

ரைனர் நேரே கெஸ்லர் அம்மாளிடம் போனான். முகமூடியைக் கழற்றிவிட்டு ரோட்டில் ஒரே ஒரு முறை லாரிக்குப் பின்னால் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டான். அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். பைன் காட்டில் கேமராக்காரர்கள் இருக்கிறார்கள், அடுத்த மாதம் கண்காட்சியில் திரை விலக்கப் போகிறோம், இப்போது முகம் தெரிந்தால் யார் பதில் சொல்வது? வேண்டுமானால் ஏரியில், வேலிக்குள், கழற்றி ஓட்டிக்கொள்ளுங்கள்.

ஏரியில் மர லாரி ஏது? எங்கள் பிள்ளைகள் ஏரித் தடத்தை ஓட்டல் தரைபோலக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து மெருகேற்றி வைத்திருப்பார்கள். அங்கே பறப்பதற்குத் தூளே கிடையாது. வண்டி கண்ணாடிமேல் சறுக்குகிற மாதிரி அழகாக ஓடியது. "பாத்தீங்களா?" என்றார் கெஸ்லர் அம்மாள். வண்டி தேறிவிட்டதாக முடிவானது.

போனால் போகிறது என்று விட்டிருப்போமோ என்னவோ. யாரோ எங்கேயோ வாங்கப் போகிறார்கள், அவர்கள் தலையெழுத்து. மனுஷ புத்தி அப்படித்தான். ஆனால் அந்த வாரம் எஸ்கில் வீட்டில் காபிக்கு உட்கார்ந்திருந்தோம். அவன் மனைவி உல்லா எங்கள் வட்டாரத்து நர்ஸ். ஏரிக்கு அப்பால் காட்டுக்குள் சிதறிக் கிடக்கிற வீடுகளுக்குப் போய்க் கிழவர்களுக்கு ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவாள். காலை நேரத்தில் மர லாரிகளுக்கு நடுவேதான் அவள் பிழைப்பு. அன்று உல்லா முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, விஷயம் தெரியுமா? நகராட்சி எங்க எல்லாருக்கும் புது வண்டி தருது. உங்க கம்பெனி வண்டிதான். வர்ற குளிர்காலத்துக்குள்ள வந்துருமாம். சீட்டெல்லாம் தானா சூடாகுமாமே? என் பழைய டப்பாவுல முதுகு மரத்துப்போகுது."

எஸ்கில் எங்கள் ஊர் வழக்கப்படி காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டுவிட்டு அது மிதப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். குடிக்கவில்லை.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற? நீ ஓட்டிப் பாத்த வண்டிதானே?" என்று உல்லா அவன் தோளில் தட்டினாள்.

"சீட்டு நல்லா சூடாகும்," என்றான்.

வாசலில் என்னை வழியனுப்ப வந்தவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அந்த வண்டி அவள லாரிக்குப் பின்னால, புகைக்குள்ள நிறுத்திரும். முன்னாலயும் தெரியாது, பின்னாலயும் தெரியாது. அவ தனியா இருப்பா."

"நகராட்சியில போய்ச் சொல்லுவோம்."

"என்னன்னு? கம்பெனியே தேறிடுச்சுன்னு சொல்லுது, டிரைவர் கதை சொல்றான்னா? இன்னொரு தடவ நிக்கணும் அக்கா. ரைனர் கண் முன்னால நிக்கணும். அப்பதான் விடுவாங்க."

"மாட்டினா வேலை போயிரும்டா."

"வேலை போனா மீன் பிடிக்கிறேன்."

இரண்டு பேரும் ரைனரிடம் போனோம். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு, "நான் பக்கத்து சீட்ல வர்றேன். நான்தான் ஓட்டச் சொன்னேன்னு நானே சொல்லிக்கிறேன்," என்றான்.

"சத்தியமா?" என்றேன்.

மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுத்தான்.

லென்னார்டிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "என் பின்னாடி வர எங்கிட்ட எதுக்குடா அனுமதி? ரோடு என்ன எங்கப்பன் வீட்டுதா? வேகமா போகணுமா, மெதுவாவா, அத மட்டும் சொல்லு."

ஏரி இளகத் தொடங்குவதற்கு முந்தைய கடைசிக் கடுங்குளிர் அது. காலை வெயில் பளிச்சென்று அடித்தது. பனி உப்புத்தூள்போல உலர்ந்திருந்தது. காட்டுப்பாதை வாயில் வண்டியை நிறுத்தி, எஸ்கில் அந்த ஓட்டையில் விரலை விட்டு ஒரே இழு. மூக்குப் பஞ்சு கையோடு வந்தது. சுற்றியிருந்த தாளையும் உரித்தோம். வண்டியின் முகத்தை வெயிலில் அன்றுதான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

"பாவம், குளிக்கப் போற கிழவன் மாதிரி கூசிக்கிட்டு நிக்குது," என்றான் எஸ்கில். பஞ்சைப் பின்சீட்டில் எறிந்தான்.

லென்னார்டின் லாரி முன்னே. எஸ்கிலும் ரைனரும் அதன் பின்னே. ஆரஞ்சு விளக்குச் சுழலவிட்டு நான் வேனில் அவர்கள் பின்னே, யாரும் பின்னாலிருந்து வந்து மோதிவிடாதபடிக்கு. பின்பக்கத்தைத்தான் நினைத்தோம். பனிப்புகை எழும்பியதும் அவர்களுடைய சிவப்பு விளக்கு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. வயர்லெஸ்ஸில் எஸ்கில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். பாட்டு நின்றது.

"அக்கா, இருமுது."

"போதும்டா, ஒதுங்கு."

"நின்னுருச்சு. ஒதுக்கறேன்... ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது."

நானும் பிரேக் போட்டு நின்றேன். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர். எங்கள் ஊரில் வலப்பக்கமாகத்தான் ஓட்டுவோம்; வண்டியின் இடது மூக்கு நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடினேன். எஸ்கில் அதற்குள் மூடியைத் தூக்கிவிட்டிருந்தான். சின்னப் பையன்போலக் குதித்தான்.

"வாக்கா, வந்து பாரு! ரைனர், பாருங்க! கையை விட்டுப் பாருங்க! இது கதையா? இது கதையா?"

நான் பார்த்தேன். ரைனரும் பார்த்தான். மாவு மூட்டையில் மாவை அழுத்தி அடைத்ததுபோல அந்தக் குழாய் நிறையப் பனி. ரைனர் விரலால் குத்திப் பார்த்தான், விரல் இறங்கவில்லை. எஸ்கிலைக் கட்டிக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. உல்லா பிழைத்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன், சத்தியமாக அதை மட்டும்தான் நினைத்தேன்.

எதிரே லாரிச் சத்தம் கேட்டது. லென்னார்டைத் தாண்டிக் காட்டுக்குத் திரும்புகிற காலி லாரி. புகை இன்னும் அடங்கவில்லை.

"மேல ஏறுங்க!" என்று கத்தினேன். ரைனரை இழுத்துக்கொண்டு பனிச்சுவர்மேல் ஏறினேன். எஸ்கிலும் ஒரு காலைச் சுவரில் ஊன்றினான். ஊன்றினவன் திரும்பினான்.

இதை வெளியூர்க்காரர்கள் யாரிடம் சொன்னாலும் புரிவதில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் செய்வார்களா என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில்தான் செய்வார்கள். எதிரே வண்டி வருகிறது, முகமூடி கழன்றிருக்கிறது. எங்கள் ஆளுக்குக் கை தானாக எதற்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? இளம் வயசிலிருந்து அவனுக்குப் பழக்கியது அதுதான். வண்டி நின்றால் முதலில் மூடு, பிறகு மற்றதெல்லாம். அவன் மூடியைச் சாத்தினான். பின்கதவைத் திறந்து பஞ்சை எடுத்தான். மூக்கில் வைத்து அழுத்த ஆரம்பித்தான்.

"விடுடா! விட்டுட்டு வாடா!"

"ஒரு நிமிஷம்க்கா."

லாரி புகையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அந்த ஓட்டுநர் பார்த்துவிட்டார், பிரேக்கும் போட்டார். பனிக்கட்டியில் பின்வண்டி பக்கவாட்டில் வீசியது. இடது மூலையைத் தட்டிக்கொண்டு போனது. விளக்குக் கண்ணாடி மட்டும்தான் உடைந்தது. வண்டிக்கு வேறொன்றும் இல்லை.

எஸ்கில் சுவரடியில் கிடந்தான். பஞ்சு அவன் கையில் இருந்தது. ஓட்டைக்குள் விரல் மாட்டியிருந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தைத் தேய்த்தேன். கன்னம் சூடாகத்தான் இருந்தது. மூச்சுதான் இல்லை.

லென்னார்ட் லாரியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். நல்ல மனுஷன், எஸ்கிலைத் தூக்கி வளர்த்தவர். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? காரின் பின்பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருக்கிற பெரிய கறுப்புத் துணியை எடுத்து, உதறி, காரை மூடினார். ஓரங்களை இழுத்துச் சரிகூடச் செய்தார். கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது, கை பாட்டுக்கு மூடிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து அதைப் பிடுங்கி என் தம்பிமேல் போர்த்தினேன்.

வேனுக்குள் வயர்லெஸ் கரகரத்தது. கெஸ்லர் அம்மாளின் குரல், யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு அடி என்று கேட்கவில்லை.

"வண்டி மூடியிருக்கா?"

அன்றே வண்டியை இழுத்துப் போய்ச் சூடேற்றிய கொட்டகையில் விட்டார்கள். விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்போது குழாயில் ஒன்றுமில்லை. கீழே தரையில் கொஞ்சம் ஈரம் இருந்தது.

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. உல்லா நர்ஸ் உடுப்போடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஊசி போடப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். கம்பெனி வக்கீல் மெல்லிய குரலில் பேசினார். ஓட்டுநர் தன் இஷ்டத்துக்கு முகமூடியைக் கழற்றினார். ஆகவே வண்டி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையில் இல்லை. ஓட்டுநர் பாதுகாப்பான இடத்துக்குப் போகாமல் ரோட்டில் நின்றார். ஒவ்வொன்றும் உண்மைதான், அதுதான் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது.

நான் எழுந்துவிட்டேன். "சோதனை நிலை, சோதனை நிலைங்கறீங்களே, விக்கும்போது முகமூடி போட்டுத்தான் விக்கப் போறீங்களா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். கெஸ்லர் அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், குழந்தை ஏதோ கேட்டதுபோல.

அதிகாரி நியாயஸ்தர்தான். "குழாய்க்குள்ள பனி அடைச்சிருந்ததுன்னு இவங்க சொல்றாங்க. இவங்க செத்துப்போனவரோட அக்கா. அங்க இருந்த இன்னொருத்தர் நீங்க. நீங்க பாத்தீங்களா?" என்று ரைனரைக் கேட்டார்.

கூடமே ரைனரைப் பார்த்தது. அவன் மேஜையைப் பார்த்தான். குத்திப் பார்த்த விரலை இன்னொரு கைக்குள் பொத்தி வைத்திருந்தான்.

"நான் அதிர்ச்சியில இருந்தேன். எனக்குச் சரியா ஞாபகமில்ல."

"கழட்டச் சொன்னது யாருன்னாவது தெரியுமா?"

வாயைத் திறக்க வேண்டாம் ஐயா. எங்கள் ஊர்க்காரன் மாதிரி மூச்சை உள்ளே இழுத்தாலே போதும், அந்த அதிகாரி எங்கள் பக்கத்து ஆள்தான், அவருக்குப் புரிந்திருக்கும். நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. பாவி.

வண்டியில் குறையில்லை என்று முடிவு எழுதினார்கள். நான் வேலையை விட்டேன். கத்திகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ரைனர் அதற்கப்புறம் எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் நகராட்சி, நர்ஸுகளுக்குப் புது வண்டிகளைக் கொடுத்தது. உல்லா பழைய டப்பாவே போதும் என்று கெஞ்சிப் பார்த்தாள். பழையதை விற்றாகிவிட்டது, விசாரணையில் குறையில்லை என்று வந்திருக்கிறது, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்களாம். அவள் என் வீட்டுக்கு வந்து சாவியை மேஜைமேல் எறிந்தாள்.

"என் புருஷன் செத்த வண்டியவே எனக்குக் குடுத்து, சாவிக்கு ரிப்பன் கட்டியிருக்காங்க அண்ணி."

"வேலைய விட்டுரு."

"விட்டா அந்தக் கிழவங்களுக்கு யார் ஊசி போடுவா? நீங்களா?"

நான் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தேன். பழைய மெத்தை ஒன்று பரணில் இருந்தது. அளவு எனக்கு மனப்பாடம். பனி விழுமுன் அவள் வண்டிக்கு ஒரு மூக்குப் பஞ்சு வெட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். வெட்ட உட்காருவேன், கத்தியைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடுவேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

முதல் பனி விழுந்த வாரம் உல்லா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

"கம்பெனி அனுப்பியிருக்கு. வடக்கே இந்த வண்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் வருதாம், இலவசமா. குளிர்கால மூடியாம். எஞ்சின் சீக்கிரம் சூடாகுமாம். மாட்டித் தாங்க."

"எஞ்சின் சூடாகவா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

பிரித்தேன். கறுப்பு நுரை, அச்சில் வார்த்தது. ஓரமெல்லாம் மெஷின் நேர்த்தி. பின்பக்கம் பிளாஸ்டிக் கொக்கிகள். அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், பக்கவாட்டுப் பொத்தானைத் தட்டினால் கழன்றுவிடும். விரல் விட்டு இழுக்கத் தேவையே இல்லாத சாமான். ஆனால் இடது மூலையில் ஓர் ஓட்டை இருந்தது. கையுறை விரல் நுழைகிற அளவு. ஓரம் அரிவாள்போல வளைந்திருந்தது.

நான் அந்த வளைவில் விரலை ஓட்டினேன்.

"என்ன அண்ணி? இந்த ஓட்டை எதுக்கு?"

எஸ்கில் கையிலிருந்து எடுத்த பஞ்சை அவர்கள் எறியவில்லை. மேஜையில் வைத்து அளந்திருக்கிறார்கள். என் கத்தி நழுவினதையும் சேர்த்து அளந்து, அச்செடுத்து, ஆயிரக்கணக்கில் வார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவன் தன் இஷ்டத்துக்குச் செத்தான் என்று எழுதினார்கள். அந்த ஓட்டையின் பெயர் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான், ரைனர். அதை வேண்டுமென்று விட்டு வைத்தானா, நான் கண்டுகொள்ளட்டும் என்று? அல்லது மெஷின் பாட்டுக்கு வார்த்துத் தள்ளியதா? எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு மூச்சு இழுக்கத் துணியாதவன் இன்றைக்கு எனக்குப் பஞ்சில் பதில் அனுப்புகிறானா? வந்து முகத்தைக் காட்டட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

"அண்ணி, ஏன் அழறீங்க? சொல்லுங்க."

"அது எஸ்கில் கேட்ட ஓட்டைடி," என்றேன். "கையுறைய கழட்டச் சோம்பல் பட்டுக் கேட்டான். நான்தான் வெட்டிக் கொடுத்தேன். கோணலா."

உல்லா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு அந்த ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டாள். எடுத்தாள். மறுபடி விட்டாள்.

"இதை அனுப்பறதுக்குப் பதிலா எழுதிக் குடுத்திருக்கலாமே," என்றாள். "வண்டி நின்னுச்சுன்னு ஒரு வரி."

வெளியே போய் மாட்டினோம். கச்சிதமாகப் பொருந்தியது, பொருந்தாமல் என்ன, என் அளவாயிற்றே. ஏரிக்கு அப்பால் ஒரு கிழவிக்குக் கட்டு மாற்ற நேரமாகிவிட்டது என்று உல்லா கிளம்பினாள். ரோட்டில் லென்னார்டின் லாரி போய்க்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். இருந்தாலும் தூள் எழும்பத்தான் செய்தது. உல்லாவின் வண்டி அதற்குள் நுழைந்து மறைந்தது.

நான் வாசலில் நின்று சத்தம் தேயும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எஞ்சின் இருமவே இல்லை.